கண்ணாடியைக் கழற்றிய கதை – 5: வான்கோழியும் பச்சை ஒளியும்

சென்ற வாரம் மாஸ்கோவில் நிறுத்தியிருந்தோம். டாக்டர் ஸ்வியாத்தோஸ்லாவ் ஃபியோதரோவ் வைரக் கத்தியை எடுத்து, கருவிழியின் மேல் மூடியிருக்கும் ஒளி புகும் படலமான கார்னியாவில், நடுவை மட்டும் தொடாமல் விட்டு, ஓரம் நோக்கிக் கோடு கோடாகக் கீறிக்கொண்டிருந்தார். கீறப்பட்ட ஓரம் தளர்ந்து புடைக்க, நடுப்பகுதி தட்டையாகும். கிட்டப்பார்வைக்காரரின் மைனஸ் பவர் இறங்கும்.

அவருக்கு முன்னால் ஜப்பானின் டாக்டர் சாட்டோ. கார்னியாவின் உள்பக்கத்தையும் கீறியவர். அவரிடம் கீறிக்கொண்ட பலருக்குப் பல ஆண்டுகள் கழித்துப் படலம் வீங்கி மங்கிப் போனது. கொலம்பியாவின் பொகோட்டா நகரத்து டாக்டர் ஹோசே பராக்கர் இன்னொரு வழியில் போனார். கார்னியாவிலிருந்து ஒரு வில்லையைச் சீவி எடுத்து, உறைய வைத்து, கடைசல் இயந்திரத்தில் கடைந்து, அதே கண்ணில் திரும்ப வைத்துத் தைத்தார்.

மூவருக்கும் துணிச்சலில் குறைவில்லை. கணக்கிலும் குறைவில்லை. மூவரையும் ஒரே இடத்தில் தடுத்தது கத்திதான். கார்னியாவின் கனம் நடுவில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். ஒரு பவரைக் குறைக்க அதில் எடுக்க வேண்டியதோ மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. அந்த அளவுக்குக் கீழ்ப்படியும் கத்தியை எந்தக் கொல்லரும் அடித்துத் தரவில்லை.

அந்தக் கத்தி ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் தயாராகிக்கொண்டிருந்தது. அங்கே இருந்த யாருக்கும் அது கண்ணுக்கான கத்தி என்று தெரியாது.

⁂

1961 ஆகஸ்டில் நம் நெய்வேலி முதல் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரி முதன்முதலாகத் தலைகாட்டியது. அதே 1961இல், நியூயார்க் மாநிலத்தில் யார்க்டவுன் ஹைட்ஸ் என்ற ஊரில் இருந்த ஐபிஎம் கம்பெனியின் தாமஸ் ஜே. வாட்சன் ஆராய்ச்சி மையத்தில் ஒரு தமிழ்நாட்டுக்காரர் வேலைக்குச் சேர்ந்தார். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனாலும் நெய்வேலியை ஒட்டிய மந்தாரக்குப்பத்தில் உட்கார்ந்து இந்தத் தொடரை எழுதுகிறவனுக்கு அந்த ஆண்டு கண்ணில் படாமல் போகாது.

அவர் பெயர் ரங்கசாமி சீனிவாசன். 1929இல் சென்னையில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1949இல் இளநிலைப் பட்டம், 1950இல் முதுநிலைப் பட்டம். பிறகு அமெரிக்கா. தெற்குக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1956இல் இயற்பிய வேதியியலில் முனைவர் பட்டம். மேற்கொண்டு சில ஆண்டுகள் கால்டெக், ரோச்செஸ்டர். அங்கிருந்து ஐபிஎம்.

கண் மருத்துவத்துக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அவருடைய துறை ஒளி வேதியியல். ஒரு மூலக்கூறின் மேல் புற ஊதா ஒளி பட்டால் அது எங்கே முறியும், முறிந்த துண்டுகள் என்ன ஆகும்? இருபது ஆண்டுகளாக அவர் துருவிக்கொண்டிருந்த கேள்வி இவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் கம்பெனிக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு? சிப் செய்வதற்கு. சிலிக்கான் தகட்டின் மேல் பிளாஸ்டிக் பூச்சு ஒன்றைத் தடவுவார்கள். அதன் மேல் ஒளியால் வடிவம் பதிப்பார்கள். பிறகு ரசாயனத்தில் கழுவினால் ஒளி பட்ட இடம் கரைந்து வடிவம் வெளிப்படும். பழைய ஃபோட்டோ ஸ்டுடியோக்களில் படம் கழுவுவதன் வழிவந்த வேலை. கழுவுகிற கட்டத்தைத் தவிர்க்க முடிந்தால் கம்பெனிக்கு லாபம்.

1980ஐ ஒட்டி ஜேம்ஸ் வின் என்ற இயற்பியலாளரின் லேசர் குழுவுக்கு ஒரு புதிய கருவி வந்திருந்தது. எக்ஸைமர் லேசர்.

அதன் வயிற்றில் இருப்பது ஆர்கான், ஃப்ளோரின் என்ற இரண்டு வாயுக்கள். ஆர்கான் யாரோடும் சேராத வாயு. மின்சாரத்தால் உசுப்பினால் மட்டும், ஒரு கணம், ஃப்ளோரினோடு சேரும். அடுத்த கணம் பிரியும். பிரியும்போது 193 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளியை உமிழும். நம் கண்ணுக்குத் தெரியும் ஊதா நிறமே 400ஐ ஒட்டி முடிந்துவிடுகிறது. 193 அதைவிட வெகு தூரம் தள்ளி இருக்கிறது. சூரியனிலிருந்து கிளம்பும் இந்த ஒளியை வளிமண்டலமே விழுங்கிவிடும். அது தரைக்கு வந்து சேர்வதில்லை. தரையில் வாழும் எந்த உயிரும் பழகியிராத ஒளி என்று அதைச் சொல்லலாம்.

சீனிவாசனும் அவருடன் பணியாற்றிய வெரோனிகா மெய்ன்-பான்டனும் அந்த ஒளியைப் பாலியெஸ்டர் படலத்தின் மேல் அடித்துப் பார்த்தார்கள். இன்று தண்ணீர் பாட்டில் செய்கிறார்களே, அதே குடும்பத்துப் பிளாஸ்டிக்.

ஒளி பட்ட இடத்தில் பிளாஸ்டிக் இல்லை. கழுவவில்லை, துடைக்கவில்லை. பள்ளம் மட்டும் இருந்தது. உருகி வழிந்த தடமும் இல்லை, கருகிய ஓரமும் இல்லை. அடுத்த அடிக்குப் பள்ளம் இன்னும் கொஞ்சம் ஆழமானது. ஒவ்வொரு அடிக்கும் ஒரே அளவு.

இந்த முடிவு 1982இல் அச்சில் வந்தது. அதைப் படித்தவர்களுள் கண் மருத்துவர் எவரும் இருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. பிளாஸ்டிக் படலத்தில் பள்ளம் விழுவதைப் பற்றி அவர்கள் ஏன் படிக்கப் போகிறார்கள்?

⁂

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று, அந்தப் பள்ளம் எப்படி விழுந்தது என்று பார்த்துவிட வேண்டும். பின்னால் வரும் பத்து வாரக் கதையும் இதன் மேல்தான் நிற்கிறது.

மற்ற லேசர்கள் சுடும். பட்ட இடத்தைச் சூடாக்கி, கொதிக்க வைத்து, ஆவியாக்கி வெட்டும். சூடு பக்கத்துக்கும் பரவும். விழித்திரையில் கசியும் ரத்தக் குழாயை அடைக்க அந்தச் சூடு உதவும். தெளிவாக இருந்தே தீர வேண்டிய கார்னியாவுக்கு அதுவே பகை. சூடு பட்ட கார்னியா முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வெளுத்துவிடும்.

193 நானோமீட்டர் ஒளியின் நடத்தை வேறு. அதன் ஒவ்வொரு ஒளித்துகளிலும் 6.4 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இருக்கிறது. கார்பன் அணுக்களைப் பிணைத்திருக்கும் பிணைப்பை முறிக்க அதில் ஏறத்தாழப் பாதி போதும். அதனால் ஒரே ஒளித்துகள் ஒரு பிணைப்பை நேரடியாக முறிக்கிறது. சூடாக்கித்தான் முறிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அடுத்த விஷயம், இந்த ஒளி ஆழமாகப் போவதே இல்லை. மேற்பரப்பில் ஒரு மைக்ரானுக்கும் குறைவான தடிமனுக்குள்ளேயே உறிஞ்சப்பட்டுவிடும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த மெல்லிய அடுக்கில் ஒரே நேரத்தில் எண்ணற்ற பிணைப்புகள் முறிய, பெரிய மூலக்கூறுகள் சின்னச் சின்னத் துண்டுகளாகி, இருக்க இடமில்லாமல் ஒலியைவிட வேகமாக வெளியே பாய்கின்றன. மிச்சமிருக்கும் சூட்டையும் அவையே தூக்கிக்கொண்டு போகின்றன.

மந்தாரக்குப்பத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. சுரங்கத்தில் பக்கெட் வீல் இயந்திரம் மேல்மண்ணைப் படுகை படுகையாகச் சீவுவதைப் பார்த்திருப்பீர்கள். சீவுவது பாதி வேலைதான். சீவிய மண் அங்கேயே குவிந்து கிடந்தால் சக்கரம் நின்றுவிடும். கன்வேயர் பெல்ட் அதை அந்தக் கணமே அள்ளிக்கொண்டு போவதால்தான் அடுத்த சீவலுக்குப் புதுத் தளம் கிடைக்கிறது. எக்ஸைமர் லேசரில் சக்கரமும் பெல்ட்டும் ஒன்றே. வெட்டுகிற செயலே வெட்டியதை வெளியேற்றியும் விடுகிறது. கார்னியாவில் ஒரு துடிப்புக்குச் சுமார் கால் மைக்ரான் போகும். சக்கரம் எத்தனை முறை சுற்ற வேண்டும் என்று எண்ணிச் சொன்னால் போதும், அவ்வளவு ஆழத்தில் நிற்கும்.

லேசர் செய்துகொண்டு வந்தவர்கள் பலர், படுத்திருந்தபோது முடி கருகிய வாசம் வந்தது என்று சொல்லக் கேட்டிருக்கலாம். கண்ணை எரித்துவிட்டார்களோ என்று வீட்டுக்கு வந்தபின் பயந்தவர்களும் உண்டு. எரியவில்லை. வெளியே பாயும் அந்தப் புரதத் துண்டுகளின் வாசம்தான் அது.

⁂

1981 நவம்பர் 26, வியாழக்கிழமை. அமெரிக்காவில் நன்றி நவிலும் நாள். வீட்டுக்கு வீடு முழு வான்கோழியைச் சமைத்துக் குடும்பத்தோடு சாப்பிடுகிற பண்டிகை. நம் பொங்கலுக்கு மறுநாள் போல, மறுநாள் வெள்ளியும் பெரும்பாலானோருக்கு விடுமுறைதான்.

அதற்கு முன்பே வாட்சன் மையத்தில் மூன்று பேர் ஒரு கேள்வியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். லேசர் குழுவின் தலைவர் ஜேம்ஸ் வின். பொருள்களின் குணம் அறிந்த மூத்த வேதியியலாளர் சாமுவேல் பிளம். மூன்றாமவர் சீனிவாசன். இந்தப் புதிய ஒளியை வேறு எதில் பயன்படுத்தலாம்? பிளாஸ்டிக் என்பது நீண்ட சங்கிலி மூலக்கூறு. புரதமும் நீண்ட சங்கிலி மூலக்கூறுதானே? பிளாஸ்டிக்கை வெட்டும் ஒளி சதையை வெட்டாதா?

நவம்பர் 27, வெள்ளிக்கிழமை. சீனிவாசன் வேலைக்கு வந்தார். முந்தைய நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழியும் அவரோடு வந்தது.

குருத்தெலும்புத் துண்டை லேசருக்கு நேரே வைத்தார். ஒவ்வொரு துடிப்பும் ஒரு நொடியில் பத்துக் கோடியில் ஒரு பங்கு நேரம்தான் நீடிக்கும். துண்டை எடுத்து மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்தார்.

சுத்தமான ஒரு கீறல். ஓரங்கள் நேராக நின்றன. கருகவில்லை, சுருங்கவில்லை.

இந்த இடத்தில்தான் உலகம் முழுதும் கதையை முடித்துவிடுகிறார்கள். தட்டில் மிஞ்சிய வான்கோழி, மூளையில் மின்னல், கண்ணாடிக்கு விடுதலை. அழகான கதை. பரிசு மேடைகளிலும் பள்ளிப் புத்தகங்களிலும் எடுபடும். எனக்கு அதில் ஒரு குறை உண்டு. ஒரு கீறல் சுத்தமாக விழுந்தது என்பது மட்டும் எதையும் நிரூபிப்பதில்லை. அன்றைய குருத்தெலும்பின் ராசி என்று தள்ளிவிடலாம். லேசர் என்றாலே அப்படித்தான் வெட்டும் என்றும் ஒருவர் சொல்லலாம்.

கதையின் திருப்பம் அடுத்து நடந்ததில் இருக்கிறது. அதில் பண்டிகையும் இல்லை, விருந்தும் இல்லை. அதனாலேயே யாரும் அதைச் சொல்வதில்லை.

சீனிவாசனும் வின்னும் மறுபடி உட்கார்ந்தார்கள். இந்த முறை எல்லாம் அளவோடு. ஒரு சதுர சென்டிமீட்டரில் எவ்வளவு ஆற்றல், எத்தனை துடிப்பு என்று குறித்துக்கொண்டே வான்கோழித் திசுவில் வெட்டினார்கள். பிறகு ஒப்பிடுவதற்காக இன்னொரு லேசரைக் கொண்டுவந்தார்கள். 532 நானோமீட்டர், பச்சை ஒளி. அதுவும் அதே போல மிகக் குறுகிய நேரமே துடிப்பது. அதே திசுவின் மேல் அதையும் அடித்தார்கள்.

பச்சை ஒளி பட்ட இடம் கருகிக் கிடந்தது. விளிம்பு ஒழுங்கில்லாமல் சிதைந்திருந்தது.

எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் இரண்டையும் அருகருகே பார்த்தபோது சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் போயிற்று. பச்சை ஒளியின் ஒரு துகளில் 2.3 எலெக்ட்ரான் வோல்ட்தான் உண்டு. பிணைப்பை ஒரே அடியில் முறிக்க அது போதாது. சூடேற்றிச் சூடேற்றித்தான் பிளக்க வேண்டும். 193க்கு அந்தப் பாடு இல்லை. ஆகவே சுத்தமாக வெட்டியது லேசர் என்ற கருவியின் பொதுக் குணத்தால் அல்ல. அந்த ஒரு நிறத்தின் தனிக் குணத்தால். இது தெரிந்த பிறகுதான் அவர்கள் கையில் இருந்தது ஒரு வேடிக்கையிலிருந்து ஒரு கண்டுபிடிப்பாக மாறியது.

ஒளி எங்கே முறிக்கும் என்று இருபது ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருந்த மனிதர் அறையில் இல்லாவிட்டால், அந்தப் பச்சைக் கருக்கலின் பொருள் விளங்கியிருக்குமா? வான்கோழி எல்லார் வீட்டிலும்தான் மிஞ்சியது.

⁂

1982 டிசம்பர் 9. மூவர் பெயரிலும் ஐபிஎம் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. தலைப்பைத் தமிழில் சொன்னால், ‘தொலைப் புற ஊதா ஒளியால் அறுவை மற்றும் பல் மருத்துவ முறைகள்’ என்று வரும்.

தலைப்பில் பல் இருக்கிறது. கண் இல்லை.

எலும்பை வெட்டலாம், சொத்தையைச் சுரண்டலாம், தோலில் வேலை செய்யலாம், ரத்தக் குழாயில் அடைத்திருக்கும் கொழுப்பை நீக்கலாம் என்றெல்லாம் அப்போது பேச்சு ஓடியது. கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்களுக்கு ஆபரேஷன் தியேட்டரில் என்ன வேலை? தங்கள் கையில் இருப்பது கத்தி என்று அவர்களுக்குத் தெரியும். எந்த உறுப்பு அந்தக் கத்திக்காகக் காத்துக்கிடக்கிறது என்று தெரியாது.

கேட்பவர்களுக்கு விளங்க வைக்க அவர்கள் கைக்கொண்ட ஒரு படம் பிற்பாடு புகழ்பெற்றது. ஒரு தலைமுடி. அதன் மேல் வரிசையாகச் செதுக்கப்பட்ட பள்ளங்கள். ஒவ்வொன்றும் 50 மைக்ரான் அகலம். சதுரமாக, மூலை முனை மழுங்காமல், சுற்றியிருக்கும் முடிக்கு ஒரு சேதமும் இல்லாமல். அறிவியல் கட்டுரை படிக்காதவரும் அந்தப் படத்தைப் பார்த்தால் ஒரு நிமிடம் பேச்சிழப்பார். முடியையே செதுக்க முடிந்தவர்களுக்கு என்னதான் முடியாது?

இதே காலத்தில், டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில், அமெரிக்க விமானப்படையின் ஆய்வுக்கூடத்தில் ஜான் டபோடா என்ற இயற்பியலாளர் எக்ஸைமர் லேசரைக் கண்ணின் மேலேயே அடித்துப் பார்த்திருந்தார். அவர் நோக்கம் நேர் எதிரானது. இந்த லேசர்கள் விமானிகளின் கண்ணுக்கு என்ன கேடு செய்யும், எவ்வளவு ஒளி வரை தாங்கும்? முயல் கண்ணில் 248 நானோமீட்டர் ஒளியை அடித்து, கார்னியாவின் மேல் தோல் எப்படிக் குழிகிறது என்று 1981இல் எழுதினார்.

ஒருபக்கம் கண்ணை மறந்து கத்தியோடு நின்றவர்கள். இன்னொரு பக்கம் கண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, லேசரால் வரும் காயத்தை மட்டும் அளந்தவர். இருவரையும் படித்த ஒரு கண் மருத்துவர் தேவைப்பட்டார்.

⁂

அவர் நியூயார்க் நகரத்தின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் இருந்தார். டாக்டர் ஸ்டீவன் ட்ரோகல்.

1983இல் அவர் யார்க்டவுன் ஹைட்ஸுக்கு வண்டியைக் கிளப்பினார். மாட்டுக் கண்களோடு.

வான்கோழிக்குக் கிடைத்த புகழில் நூறில் ஒரு பங்குகூட அந்த மாட்டுக்குக் கிடைக்கவில்லை.

அவர் அங்கே என்ன தேடிப் போனார் என்பது முக்கியம். அந்த நாளில் ஃபியோதரோவின் முறை அமெரிக்காவில் பரவிக்கொண்டிருந்தது. வைரக் கத்தி ஒவ்வொரு டாக்டர் கையிலும் ஒவ்வொரு ஆழம் போனது. கத்தி நிற்க வேண்டியது கார்னியாவின் பத்தில் ஒன்பது பங்கு ஆழத்தில். கொஞ்சம் கூடினால் கண்ணுக்குள் இறங்கிவிடும். குறைந்தால் பவர் இறங்காது. அந்தக் கோடுகளைக் கைக்குப் பதிலாக ஒளி கிழித்தால்? இயல்பாக எழக்கூடிய யோசனை. கத்தியை மாற்றிவிட்டு ஆபரேஷனை அப்படியே வைத்துக்கொள்வது.

சீனிவாசன், அவருடைய சக ஆய்வாளர் போடில் பிராரன், ட்ரோகல் மூவரும் மாட்டுக் கண்ணின் கார்னியாவில் 193 நானோமீட்டர் ஒளியைச் செலுத்தினார்கள். கோடு விழுந்தது. ஆழம் துடிப்பின் எண்ணிக்கைக்குச் சரியாகக் கட்டுப்பட்டது. பக்கத்துத் திசு தெளிவாகவே இருந்தது.

கோடு கிழிக்கத்தான் போனார்கள். ஆனால் அந்த ஒளியின் இயல்பு கோட்டோடு நிற்பதில்லை. கால் மைக்ரான், கால் மைக்ரானாக ஒரு பரப்பையே அது சீவும் என்றால், கோடு எதற்கு? ஓரத்தைக் கீறித் தளர்த்தி, நடு தானாகத் தட்டையாகும் என்று காத்திருப்பது எதற்கு? நடுவையே நேரடியாகச் சீவிவிடலாமே. கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்துப் பவர் ஏற்றுகிறார்கள். கண்ணிலேயே இருக்கும் இயற்கை லென்ஸின் முகப்பில் ஏன் அதைச் செய்யக் கூடாது?

பராக்கர் பொகோட்டாவில் கார்னியாவை அறுத்தெடுத்து, உறைய வைத்து, கடைந்தாரே, அதே கனவுதான். இப்போது அறுக்க வேண்டாம், உறைய வைக்க வேண்டாம், தைக்க வேண்டாம். கண் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

கீறுவதிலிருந்து செதுக்குவதற்கு எண்ணம் தாவிய இடம் இதுதான். என்னைக் கேட்டால், அந்த நவம்பர் வெள்ளிக்கிழமைக்கு இது எந்த வகையிலும் குறைந்ததல்ல.

பின்னால் சார்ல்ஸ் மன்னர்லின் என்ற பொறியாளர் இதற்கு ஒரு கணக்கு போட்டுக் கொடுத்தார். ஆறு மில்லிமீட்டர் அகல வட்டத்தில் மைனஸ் ஒன்று பவரைப் போக்க, நடுவில் சுமார் 12 மைக்ரான் சீவினால் போதும். துடிப்புக்குக் கால் மைக்ரான் என்றால் ஐம்பதுக்குச் சற்றுக் குறைவான துடிப்புகள். இன்றும் டாக்டர், கார்னியாவின் கனத்தை அளந்துவிட்டு, “உங்க பவருக்கு இந்தக் கனம் பத்தாது, லேசர் வேண்டாம்” என்று சிலரைத் திருப்பி அனுப்புகிறாரே, அந்தக் கழித்தல் கணக்கின் வேர் இது.

1983 டிசம்பரில் ட்ரோகல், சீனிவாசன், பிராரன் மூவரின் கட்டுரை அமெரிக்கக் கண் மருத்துவ இதழில் வெளியானது. ‘கார்னியாவில் எக்ஸைமர் லேசர் அறுவை’ என்பதுதான் பொருள். கண் மருத்துவ உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

நிமிர்ந்தவர்கள் எல்லாரும் கைதட்டவில்லை. நியூயார்க்கிலேயே டாக்டர் ஃபிரான்சிஸ் லெஸ்பெரன்ஸ், லேசரால் கார்னியாவை வடிவமைக்கும் முறைக்கு அதே 1983இல் காப்புரிமை விண்ணப்பம் போட்டிருந்தார். யார் முதலில் நினைத்தார் என்ற வழக்கு பிறகு ஆண்டுக்கணக்கில் ஓடியது. ஒவ்வொரு கண்ணுக்கும் இத்தனை டாலர் என்று காப்புரிமைக் கட்டணம் வசூலித்த கதையும், அதில் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் தலையிட்ட கதையும் தனி அத்தியாயம் கேட்கின்றன. அந்தப் பக்கம் பிறகு போவோம்.

இன்று விளம்பரங்களில் ‘ஸ்மைல்’ என்று வருகிறதே, பிளேடு இல்லாமல், கார்னியாவில் மடல் தூக்காமல், சில மில்லிமீட்டர் கீறல் வழியாகவே திசுவை உருவி எடுக்கும் முறை, அதில் இந்த 193 ஒளி இல்லை என்பதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன். அது வேறு லேசர், வேறு விபத்து, வேறு கதை. அந்தக் கதையில் குஜராத்தின் வடோதராவும் வருகிறது. ஆனால் கார்னியாவைச் செதுக்கலாம் என்ற துணிவை உலகத்துக்குத் தந்தது யார்க்டவுன் ஹைட்ஸில் வைத்த மாட்டுக் கண்தான்.

சீனிவாசன், வின், பிளம் மூவருக்கும் அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் அறிவிக்கப்பட்டு, அதிபர் ஒபாமா அதை வழங்கிய விழா நடந்தது 2013 பிப்ரவரியில். வான்கோழிக்கும் பதக்கத்துக்கும் இடையே முப்பத்தோரு ஆண்டுகள்.

⁂

1983இன் முடிவுக்குத் திரும்புவோம்.

மாட்டுக் கண் செத்த கண். அதில் ஓரம் சுத்தமாக விழுந்தது என்று தெரிந்தது. காயம் எப்படி ஆறும் என்று தெரியவில்லை. புற ஊதா ஒளி புற்றுநோயைக் கொண்டுவருமோ என்ற அச்சமும் இருந்தது. நியாயமான அச்சம். செல்லின் உட்கருவில் இருக்கும் மரபுப் பொருளைப் புற ஊதா ஒளி சிதைக்கும் என்பது பழைய பாடம். 193 ஒளி மேற்பரப்புப் புரதத்திலேயே உறிஞ்சப்பட்டு, செல்லின் உட்கரு வரை போய்ச் சேர்வது அரிது என்று சோதித்துக் காட்ட வேண்டியிருந்தது.

அடுத்தடுத்து முயல்கள் வந்தன. குரங்குகள் வந்தன. சில கண்களில் செதுக்கிய இடம் பனி படர்ந்தது போல மங்கியது. சில கண்கள் தெளிவாக ஆறின. லேசரைச் சீராக்கினார்கள். மங்கல் குறைந்தது.

பிறகு மனிதக் கண். ஜெர்மனியின் பெர்லின் நகரத்தில் டாக்டர் தியோ சைலர், பார்வையற்ற கண்களில் தொடங்கினார். ஏற்கெனவே இழந்த கண்ணில் இனி இழக்க எதுவும் இல்லை. கார்னியா தெளிவாக ஆறுகிறதா என்பதை அந்தக் கண் சொல்லிவிடும்.

ஆனால் ஒன்றை அது ஒருபோதும் சொல்லாது. இப்போது எழுத்து தெரிகிறதா? பவர் இறங்கியதா? இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறதா? இதையெல்லாம் சொல்லப் பார்க்கிற கண் வேண்டும். நோயில்லாத, கண்ணாடி போட்டால் நன்றாகத் தெரிகிற கண் வேண்டும்.

கண்ணாடி என்ற எளிய, மலிவான, ஆபத்தே இல்லாத மருந்து கையில் இருக்கும்போது, நல்ல கண்ணின் நட்டநடுவில் ஒரு புது ஒளியை அடிக்க எந்த அரசு அனுமதிக்கும்? எந்த மருத்துவர் கை வைப்பார்? எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் கண்ணை நீட்டப் போகிறவர் யார்?

1988 மார்ச் மாதம். அமெரிக்காவின் தென்கோடியில், நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில், டாக்டர் மார்கரைட் மெக்டொனால்ட் அந்தக் கேள்வியோடுதான் மாதக்கணக்கில் அல்லாடிக்கொண்டிருந்தார். அப்போது ஒரு பெண்மணி அவரைத் தேடி வந்தார். நன்றாகப் பார்க்கும் கண். அதை எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் சோதனையைச் செய்யுங்கள் என்றார்.

ஏன்?

(தொடரும்)